சித்தப்பாவிடம் சொன்ன 'முடியாது'

1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று நாடெங்கிலும் இருந்து வருகிறார்கள். அதே ஊரில், சத்துவாச்சாரியில் வீடு என்றால் கேட்க வேண்டுமா? வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 11 வருடமாக என் வீடுதான் சத்திரம். விடியற்காலையில் காட்பாடி ஸ்டேஷன், அப்புறம் சமையல். நோயாளியோடு வருகிறவர்களிடம் எப்படி மறுப்பது?

போன மாதம் முதுகுவலிக்கு என்னையே டாக்டர் படுத்திருக்கச் சொன்னார். அன்றைக்கே சித்தப்பா போன்.

"நாளைக்கு நாலு பேர் வர்றோம்மா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"இந்தத் தடவை முடியாது சித்தப்பா. காந்தி ரோட்டில் லாட்ஜ் பார்த்துத் தர்றேன்."

காரணம் எதையும் அடுக்கவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிம்மா" என்றார்.

மறுநாள் நானாக ஆசைப்பட்டு ரசம் வைத்து, தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன்.