செங்காட்டங்குடியில் செலுத்திய வேண்டுதல்

என் தந்தையார் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில், அவர் பிழைத்து எழவேண்டும் என்றும், சித்திரைப் பரணியன்று திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் சிறுத்தொண்ட நாயனார் நினைவாக நடக்கும் அமுது படையலுக்கு எங்கள் வயலில் விளைந்த அரிசியில் ஒரு மூட்டை கொண்டுவந்து சேர்ப்பதாகவும் என் தாயார் அங்கே உத்தராபதியாராக எழுந்தருளியிருக்கும் சிவபெருமானிடம் வேண்டிக்கொண்டிருந்தார். தந்தையார் பிழைக்கவில்லை. தலைதிவசம் கழிந்ததும் தாயார் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆண்டு பரணி எந்தத் தேதியில் வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. பெரியம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "கேட்டது நடக்கல. அப்புறம் எதுக்குச் செலுத்தணும்? கடன் வாங்காமலே வட்டி கட்டுவியா?" அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "காப்பாத்துன்னு கேட்டேன், அமுதுபடி கொண்டு வரேன்னு சொன்னேன். காப்பாத்தறதும் காப்பாத்தாததும் அவர் பாடு. கொண்டு வரேன்னு சொன்னது என் பாடு" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

சிறுத்தொண்ட நாயனார் சரித்திரத்தைப் பலரும், அடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டதற்காகத் தம் மகன் சீராளனையே அரிந்து சமைத்த பிள்ளைக்கறியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்பவர் நெஞ்சு பதைத்து, "இப்படியும் ஒரு தெய்வம் கேட்குமா?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் சேக்கிழார் சொல்லும் சரித்திரத்தில் அதைவிடக் கடினமான கட்டளை பிறகுதான் வருகிறது. இலை போட்டுக் கறியமுது பரிமாறிய பின், வயிரவ அடியாராக வந்தவர் கையை வைக்காமல், "உமக்கு மகன் உண்டாயின் அவனையும் கூப்பிடும், உடன் உண்பான்" என்கிறார். அவன் இப்போது உதவான் என்று நாயனார் சொல்லியும் விடவில்லை. அவன் வந்தால்தான் உண்பேன் என்கிறார். கணவனும் மனைவியும் வாசலுக்கு வருகிறார்கள். அரிந்து சமைத்துப் படைத்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். திருவெண்காட்டு நங்கையார், "செய்ய மணியே சீராளா வாராய்" என்று ஓலமிடுகிறார். ஒன்றைக் கொடுத்துவிடுவதற்கு ஒரு கணத்துத் துணிவு போதும் என்றுகூடச் சொல்லிவிடலாம். வரமாட்டான் என்று அறிந்த பின்னும், சொன்னவர் சொல்லுக்காக வாசலில் நின்று கூப்பிடுவதற்கு எது போதும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இத்தனைக்கும் நாயனார் கட்டளைக்குப் பணிந்து பழகியவர். பரஞ்சோதியார் என்னும் படைத்தலைவராக இருந்து வாதாபியைத் துகளாக்கியவர். நரசிம்மவர்ம பல்லவனின் படை வாதாபியைக் கைப்பற்றிய ஆண்டை 642 என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். இவர் சிவனடியார் என்று அறிந்த மன்னன், போர்முகத்துக்கு அனுப்பியதற்காக வருந்தி, பெரும் நிதி கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தான். அந்த ஊர்தான் இது. அரசன் ஆணையிலிருந்து விடுபட்டு வந்தவரை இவ்வூரில்தான் ஆண்டவன் ஆணை வந்து பிடித்தது.

நன்னிலம் பக்கமிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். கத்திரி வெயில் வருவதற்கு முன்பே சாலை கொதித்தது. ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை மறித்துவிட்டதால் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். மூட்டுவலிக்காரரான அம்மா என் தோளைப் பிடிக்காமல் மூட்டையையே ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் நிழல் இல்லை, தண்ணீர்ப் பந்தலிலும் மோர் தீர்ந்திருந்தது.

இந்த நாளில் குழந்தை வரம் வேண்டி வரும் பெண்களின் கூட்டம் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்த ஏக்கத்தை வைத்துப் பிழைக்க வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. தெருமுனையில் ஒருவர் கயிறும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, தம்மிடம் பணம் கட்டினால் பிரசாதம் முன்னதாகக் கிடைக்கும் என்று இளம்பெண்களை மடக்கிக்கொண்டிருந்தார். அம்மாவிடமும் வந்து, "பேரப்பிள்ளைக்கா அம்மா?" என்று தொடங்கினார். "மூட்டையை இறக்க ஒரு கை குடுப்பா" என்றார் அம்மா. அவர் திகைத்து, உண்மையாகவே கை கொடுத்தார்! அவரைக் கோபித்துக்கொள்ள நான் தேடிவைத்திருந்த சொற்கள் வீணாகிவிட்டன. ஆனாலும், ஐயனுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களின் மடியில் கைவைக்கும் இந்த வழக்கத்தை ஊரார்தான் ஒழிக்கவேண்டும்.

அரிசியைச் சேர்ப்பித்துவிட்டு வாதாபி விநாயகரை வணங்கி, கணபதீச்சரம் என்னும் இக்கோயிலின் நாதரையும் அம்பாளையும் தரிசித்தோம். உத்தராபதியார் சன்னிதியில் நெரிசல் அதிகம். பின்னாலிருந்து வந்த ஒரு தள்ளலில், நாங்கள் நினைத்ததைவிட முன்னால் போய் நின்றுவிட்டோம். பச்சைக் கற்பூர வாசனை முகத்தில் அடித்தது. இந்தத் திருமேனியை வார்க்கும்போது உருவம் அமையாமல் சிற்பிகள் கலங்கி நிற்க, தாகம் என்று வந்த அடியார் உலைக்களத்துக் குழம்பை வாங்கிக் குடித்து அங்கேயே இவ்வுருவாகச் சமைந்தார் என்றும், நெற்றியில் இருந்த புடைப்பைச் செதுக்கப்போய்க் குருதி வழிந்தது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நெற்றியைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆனால் அன்று என்னால் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார். அம்மாவின் உதடு அசைந்தது. எத்தனையோ சன்னிதிகளில் எத்தனையோ ஆண்டுகளாகத் தந்தையாரின் நட்சத்திரத்தைத்தான் அம்மா முதலில் சொல்லி வந்திருக்கிறார்; பெயரை நாங்கள்தான் சொல்வோம். பழக்கத்தில் "உத்திரட்..." என்று தொடங்கியவர், சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார். குருக்களும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் அம்மா ஒரு சன்னிதியில் நின்று நான் பார்த்தது அதுவே முதல்முறை. முகத்தில் அழுகை இல்லை. விபூதியை வாங்கி எனக்கு இட்டுவிட்டுத் தாமும் பூசிக்கொண்டார்.

இரவில் சீராளனை அழைக்கும் கட்டத்தை ஓதுவார் பாடினார். சித்திரைப் பரணி அமாவாசையை ஒட்டியே வருவதால் வானில் நிலவு இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் முழுவதும் சேர்ந்து, "சீராளா வாராய்" என்றது. என் அருகில் நின்ற பெண்கள் முந்தானையைப் பிடித்தபடி விம்மினார்கள். அவர்கள் வராத பிள்ளையை அழைக்கிறார்கள், அம்மா வரமாட்டாதவரை நினைத்து நிற்கிறார், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாட்டு. பள்ளியிலிருந்து ஓடிவருபவன்போல் சீராளன் வந்தபோது பெற்றவர்கள் மகிழ்ந்தது பிள்ளை கிடைத்ததற்காக அல்ல, இனி அடியார் அமுது செய்வார் என்பதற்காகத்தான் என்று சேக்கிழார் பாடுகிறார். இது நம்மால் ஆகிற காரியமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நமக்கு ஆகாதுன்னுதான் அவங்களைக் கும்பிடறோம்" என்றார்.

மறுநாள் காலை அருகிலுள்ள திருப்புகலூருக்குப் போனோம். அங்கே அப்பர் பெருமான் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் நவமணியும் கிடக்கச் செய்து இறைவன் சோதித்தான். அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். சில கல் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில், ஒருவரிடம் இருந்த ஒரே செல்வத்தைக் கேட்டும், ஒன்றும் வேண்டாதவரிடம் செல்வத்தைக் கொட்டியும் சோதித்திருக்கிறான். எங்களுக்கு வந்தது இவற்றின் பக்கத்தில் நிற்கக்கூடியதா என்ன!

திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தார். கடைசி நாளன்று தந்தையார் தம் கையாலேயே இரண்டு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டார், அதற்கு உத்தராபதியாருக்கு நன்றி சொல்லவேண்டும். என் தங்கை ஊரிலிருந்து வந்து சேரும்வரை நினைவு தப்பாமல் இருந்தார், அதற்கும் சொல்லவேண்டும். டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும் திண்ணையில் உட்கார்ந்து வயலைப் பற்றியே பேசினார், அந்த வயல் இன்னும் நம் கையில் இருக்கிறது, அதற்கும்தான். கேட்டபோது கொடுக்கவில்லை என்று நாங்கள் எண்ணியிருந்த காலத்துக்குள்ளேயே இவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பதை அம்மா சொல்லச் சொல்ல நானும் என் பங்குக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், உத்தராபதியாரே, பட்டியல் முடிவதற்குள் ஊர் வந்துவிட்டது. வீட்டில் இறங்கியதும் அம்மா என்னிடம், அடுத்த சம்பா அறுவடையில் பரணிக்கென்று ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைக்கும்படி குத்தகைக்காரருக்கு இப்போதே போன் செய்துவிடச் சொன்னார்.