பகலில் ஹட்சன் கரை, இரவில் ஜாஸ்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் காவேரிப்பட்டணத்துக்காரர்கள் யோசனை கேட்டால், ஐப்பசியில் போங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலும் எல்லோரும் மாங்காய் சீசன் முடிந்த கையோடு, அங்கே கோடையாக இருக்கும்போதே கிளம்பிவிடுகிறார்கள். நியூயார்க் பக்கம் அக்டோபர் கடைசிக்கு ஈடே கிடையாது. பகலெல்லாம் மலையும் ஆறுமாகச் சுற்றலாம். ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். அப்புறம் இரவு முழுக்க ஜாஸ் இசைக்குத்தான்.

என் மகள் ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். வேலைநாளில் அவளுக்கு லீவு கிடைக்காது என்பதால் நானும் வீட்டுக்காரருமாகவே கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயில் ஏறிவிடுவோம். ஹட்சன் லைனில் வடக்கே போகும்போது இடதுபக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். தண்டவாளம் ஹட்சன் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் கோல்ட் ஸ்பிரிங் என்ற சின்ன ஊர். கடைத்தெரு வழியாக நேரே இறங்கினால் ஆற்றங்கரை, எதிர்க்கரையில் ஸ்டார்ம் கிங் மலை. கடல் ஏற்றம் அந்த ஆற்றில் வெகுதூரம் உள்ளே வருவதால், சில நேரம் தண்ணீர் மேல்நோக்கிப் போகும். தென்பெண்ணையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றியது.

மரங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் மாசி, பங்குனியில் இலை உதிரும். மண்ணில் ஈரம் வற்றினால் மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. அங்கே பகல் குறுகிக் குளிர் ஏறுவதுதான் காரணம். பச்சையம் சிதைந்ததும், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் உதிரப்போகும் நேரத்தில் இலை புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் நிறம். நல்ல வெயில் பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் சேர்ந்து வந்தால் அந்தச் சிவப்பு தூக்கலாக இருக்கும். நாங்கள் போனபோது மலைச்சரிவு முழுக்க அப்படித்தான் இருந்தது.

சரி, ஜாஸுக்கு வருகிறேன். "அம்மா, உனக்கு அது புரியுமா, தூக்கம் வந்துடாதே?" என்று மகள் கேட்டாள். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவளுக்கா தூக்கம் வரும்!

நாங்கள் போனது நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப். ஏழாவது அவென்யூவில் ஒரு சின்னக் கதவு, செங்குத்தான படி, கீழே முக்கோண வடிவில் ஒரு நிலவறை. மாக்ஸ் கார்டன் 1935-ல் ஆரம்பித்த இடம். நூற்றுச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். பெரிய சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் வாசித்துப் பதிவு செய்தது இந்த அறையில்தான். சிதார் மேதை ரவி சங்கர் மேல் இருந்த மரியாதையால் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர் அவர். அந்த மகனும் சாக்ஸபோன் கலைஞராகி இதே மேடையில் வாசித்திருக்கிறார்.

அன்று பியானோ, ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும் பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர். முதலில் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பெரும்பாலும் 32 'பார்', அதாவது தாளக் கட்டம், ஒரு பாருக்கு நாலு தட்டு. பிறகு அதே சுற்று திரும்பத் திரும்ப ஓட, அதன் மேல் ஒவ்வொருவராகத் தன் மனோதர்மத்தை எடுத்து விடுகிறார். ஒருவர் முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சபை கைதட்டுகிறது. கடைசியில் நாலு நாலு பாராக டிரம்ஸும் பியானோவும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கின்றன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்கிற அதே வேலை. நான் விரலில் எண்ணிக்கொண்டே இருந்தேன். மெட்டு திரும்பி வந்த இடத்தில் என் கணக்கும் சரியாக வந்து நின்றபோது உடம்பே சிலிர்த்தது.

கூத்திலும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். துரௌபதி துகில் உரிவதில் அடுத்து என்ன என்று யாருக்குத் தெரியாது? ஆனாலும் அன்றைக்குச் சபை எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் வாத்தியார் ஒரு அடியை நீட்டுவார், முகவீணைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அவர்கள் கண்ணால் பேசிக்கொள்வது தெரியும். ஜாஸும் அப்படியே. பேஸ் வாசித்தவர் தனக்குள் முனகிக்கொண்டே வாசித்தார். அந்த முனகலுக்கு ஒரு நொடி கழித்து விரல் போனது. பியானோக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார், அடுத்த சுற்றில் அதையே எடுத்து வாசித்தார். யூடியூபில் எவ்வளவு கேட்டாலும் இது கிடைக்காது. ஜாஸ் புரியவில்லை என்று சொல்பவர்கள் ஒரே ஒருமுறை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை போனால் 16 பேர் கொண்ட பெரிய வாத்தியக் குழு வாசிக்கும். டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் தொடங்கிவைத்த வழக்கம், அவர்கள் காலத்துக்குப் பிறகும் தொடர்கிறது. அத்தனை ஊதுகருவியும் அந்தச் சின்ன அறைக்குள் ஒன்றாக எழும்பும்போது நெஞ்சில் அதிர்கிறது.

நம்மூர்க் கல்யாணங்களில் இப்போது நாதஸ்வரத்துக்குப் பதிலாகச் சாக்ஸபோன் வைப்பதும் உண்டு. சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் போட்ட பாதை அது. 1980-ல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவிலும் வாசித்தவர் அவர். அதனால் சாக்ஸபோன் ஒலியே அந்நியம் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பானம் கட்டாயம், ஜூஸ் வாங்கினாலும் போதும். சாப்பாடு கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வாசிக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் படியில் நிதானமாக இறங்க வேண்டும்.

அமெரிக்கா வரை போக முடியாதவர்களுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டரில் பெங்களூர் இருக்கிறது. அங்கே ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்ற உணவகத்தில் ஜாஸுக்கென்றே கட்டிய அரங்கம் உண்டு, வெளிநாட்டுக் குழுக்களும் வருகின்றன. கச்சேரி முடிந்து சில்க் போர்டு சந்திப்புக்கு வந்துவிட்டால் நம்மூர் வழியாகப் போகும் சேலம் பஸ் கிடைக்கும். அடுத்த முறை என் தங்கையையும் கூட்டிப்போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.