அடை வைத்த முட்டையிலிருந்து ஆவணிக் குழம்பு வரை

போன ஞாயிற்றுக்கிழமை, நான் வளர்த்த சேவலை நானே அறுத்தேன். புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் கறி கிடையாது. அதனால் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொன்னார்.

தை மாதக் கடைசியில் கருப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு 11 முட்டை வைத்தேன். மணல் இருந்தால் முட்டை உருளாது, சூடும் நிற்கும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். கருக்கூடிய முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலையாய்ப் படர்ந்திருந்தன. இரண்டு முட்டை வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தன, எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் எட்டுக் குஞ்சுகள்.

இரண்டு வருடத்துக்கு முன் தடுப்பு மருந்து போடாமல் விட்டு, வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் பட்டியே காலியானது. அந்த வலி இன்னும் போகவில்லை. இந்த முறை குஞ்சு பொரித்த ஏழாம் நாளே கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்2பி ஊசி; இரண்டுமே அந்த நோய்க்கான தடுப்பு மருந்துகள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் வரும், கரைத்த மருந்தை வைத்திருக்கவும் முடியாது. எனவே அக்கம்பக்கத்துத் தோட்டக் கோழிகளுக்கும் சேர்த்துப் போட்டோம்.

பருந்து ஒன்று, கீரி ஒன்று கொண்டுபோனது போக மூன்று பெட்டை, மூன்று சேவல் தேறின. ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் போட்ட பானையை ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது கறையான் கட்டியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே சேவலைக் கொடாப்பில் (கோழி கவிழ்க்கும் கூடையில்) கவிழ்த்து, தண்ணீர் மட்டும் வைத்தேன். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது சுலபம். இருட்டோடு தூக்கினேன், அமைதியாக இருந்தது. என் கைதான் நடுங்கியது.

"கை நடுங்குனா கோழிக்குத்தான் வலிக்கும் கண்ணு. கத்திய இன்னொருக்கா தீட்டு" என்றார் அம்மிச்சி.

தீட்டினேன். ஒரே இழுப்பு. துடிப்பு அடங்கும்வரை கையிலேயே பிடித்திருந்தேன்.

வெந்நீரில் முக்கி இறகு பறித்து, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டினோம். உயிரோடு 1 கிலோ 700 கிராம் இருந்தது, கறியாக 1 கிலோ 150 கிராம். பித்தப்பை உடையாமல் எடுக்க அம்மிச்சிதான் சொல்லிக்கொடுத்தார். இரைப்பையைக் கீறினால் உள்ளே பொடிக்கற்களோடு ஒரு பச்சை வளையல் துண்டு, ஓரமெல்லாம் தேய்ந்து மழமழவென்று. மகள் அதைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். தினமும் கம்பு இறைத்தவள் அவள்தான்.

சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயுமாக விறகடுப்பில் முக்கால் மணி நேரம் வெந்தது. மகள் முதலில் குழம்பு மட்டும் ஊற்றச் சொன்னாள். அப்புறம் ஈரலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மீதிச் சேவல்களில் ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துச் சேவலோடு மாற்றிக்கொள்ளப் பேசியிருக்கிறேன். கூடப்பிறந்த பெட்டைகளோடேயே விட்டால் குஞ்சு நோஞ்சானாக வரும். கருப்புப் பெட்டை மறுபடி முட்டையிடுகிறது, நேற்றோடு ஆறு.