விதைப்புக்கு முன்

ஜூன் 11
மேகம் கூடியது, கலைந்தது. உரம் இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 12
100 விதை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். "முளைக்கிறது முளைக்கும், விடுடா" என்றான் அண்ணன்.

ஜூன் 14
தூக்கமில்லை. வாழ்க்கை யார் கையில் என்று ஒருவர் நினைக்கிறார் என்பதை அளக்க, உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்ட கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 29 ஜோடி வாக்கியங்கள். எல்லாம் என் செயல் என்பது ஒரு பக்கம். விதி, அதிர்ஷ்டம், அடுத்தவர் கை என்பது மறுபக்கம். விவசாயியிடம் இதை எந்த மாதத்தில் கேட்பார்கள்? அறுவடை முடிந்த கையோடு கேட்டால் நான் ஒரு பதில் சொல்வேன். இப்போது கேட்டால் வேறு.

எத்தியோப்பிய விவசாயிகளைப் பற்றி 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. வாழ்க்கை தன் கையில் என்று நினைப்பவர்கள் ரசாயன உரம், மேம்பட்ட விதை, பாசனம் ஆகியவற்றை மற்றவர்களைவிட அதிகம் ஏற்கிறார்களாம். சரிதான். ஆனால் வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவனுக்கு அந்த நினைப்பு சுலபமாக வரும். எது முந்தி, நம்பிக்கையா தண்ணீரா?

ஜூன் 15
சாக்கைப் பிரித்தேன். வெள்ளையாக முனை தெரிகிறது. இப்போது எண்ணக் கூடாது.

ஜூன் 17
அண்ணனோடு சண்டை. "மழை உன் கையில இருக்கா? விலை உன் கையில இருக்கா? அப்புறம் எதுக்குக் கடன் வாங்கி உரம் போடணும்?"

ராட்டர் ஒன்றாகக் கட்டி வைத்த மறுபக்கத்தை 1970-களில் ஹன்னா லெவன்சன் என்ற உளவியலாளர் இரண்டாகப் பிரித்தார்: அதிர்ஷ்டம் தனி, நம்மை ஆட்டிவைக்கும் ஆட்கள் தனி. அண்ணன் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். மழைமேல் அவனுக்குக் கோபமே இல்லை. வியாபாரி பேச்சு வந்தால்தான் குரல் ஏறுகிறது. மழைக்காவது காப்பீடு இருக்கிறது.

ஜூன் 18
91! முளைக்காத ஒன்பதையும் அண்ணன் உள்ளங்கையில் போட்டு, ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்தான்.

ஜூன் 20
எத்தியோப்பியாவிலேயே 2010-இல் ஆய்வாளர்கள் இன்னொன்று செய்திருக்கிறார்கள். கிராமத்து மக்களுக்கு, அவர்களைப் போன்றவர்களே முன்னேறிய கதைகளை ஒரு மணி நேரம் படமாகக் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சேமிப்பு கூடியிருந்தது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படம் பார்த்தால் கடன்காரன் வட்டியைக் குறைப்பானா? ஆனாலும் திரும்பத் திரும்ப அதையே படிக்கிறேன்.

ஜூன் 21
வெயில்.

ஜூன் 22
"பாதி நிலத்துக்கு மட்டும் உரம் போட்டா என்ன?" அண்ணன்தான் கேட்டான்! மூட்டைக் கணக்குப் போட உட்கார்ந்தோம். எந்தப் பாதி என்பதில் மறுபடி தகராறு. காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்னவென்று நாளைக்கே கேட்க வேண்டும்.