குதிகால் மறுபடி தரை தொடுகிறது

பிப்ரவரி 17
முறிந்த இடது குதிகால் எலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு 10 வாரம். எலும்பு கூடி வருகிறது, தகடும் திருகுகளும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, இனி அந்தக் காலில் கொஞ்சம் கொஞ்சமாக எடை போடலாம் என்று எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். முதலில் உடல் எடையில் கால் பங்கு. நான் 72 கிலோ, அப்படியென்றால் 18.

பிப்ரவரி 18
எடை பார்க்கும் மெஷினில் இடது கால், பக்கத்தில் அதே உயரத்துக்குப் போட்ட பலகையில் வலது கால், இரண்டு கையிலும் ஊன்றுகோல். மெல்ல அழுத்தினேன். 6 கிலோவுக்கே உள்ளங்கால் முழுக்க ஊசி குத்தியது. நல்ல கால் தானாகவே பாரத்தை வாங்கிக்கொள்கிறது, அதை ஏமாற்றி இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் வேர்த்துவிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து, "அப்பா, 22 போயிடுச்சு, குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபது தடவைக்கு அப்புறம்தான் 18 கிலோ எப்படி இருக்கும் என்று காலுக்கே பிடிபட்டது.

பிப்ரவரி 20
ராத்திரி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன், பாதம் ஊதா நிறமாகிவிட்டது. ரொம்பப் பயந்துவிட்டேன். ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான், இத்தனை வாரம் சும்மா இருந்து அது மெலிந்துவிட்டது, காலைத் தூக்கி வைத்தால் நிறம் திரும்புகிறதா பாருங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். திரும்பியது. ஆனால் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். இந்தப் பாதையில் இருக்கிற யாராவது படித்தால் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

மார்ச் 3
36 கிலோ. தழும்பின் வெளிப்பக்கம் இன்னும் மரத்தே இருக்கிறது.

மார்ச் 17
நடைபூட்ஸ் (கணுக்காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பூட்ஸ்) போட்டு முழு எடை! இனி ஒரே ஊன்றுகோல், அதுவும் வலது கையில். அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கம்தான் பிடிக்க வேண்டுமாம், நான் இடது பக்கம் பிடிக்கப் போனேன். வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. குதிகால் தரையில் படும் நேரத்தில் உடம்பே சுருங்கி, முன்பாதத்தில் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறது. குதிகால், அப்புறம் பாதம், அப்புறம் பெருவிரல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். விழுந்த அன்று கேட்ட சத்தம் ஒவ்வொரு அடிக்கும் காதில் வருகிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

மார்ச் 31
சாதாரண ஷூ. சமதரையில் பரவாயில்லை, கூழாங்கல் கிடக்கிற இடத்தில் கால் தடுமாறுகிறது. மேலும் கீழும் அசைகிற பாதம் பக்கவாட்டில் திரும்ப மறுக்கிறது. அந்த அசைவு குதிகால் எலும்புக்கு மேலே இருக்கிற மூட்டில் நடப்பது, முறிவு அந்த மூட்டுக்குள்ளேயே போயிருந்ததால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையும் மாலையும் துண்டைப் பாதத்தில் மாட்டி, உள்ளே இருபது, வெளியே இருபது என்று திருப்பிக்கொண்டிருக்கிறேன். இன்று உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது.