அம்மாவுக்கு எம்ஆர்ஐ

மார்ச் 4, செவ்வாய்

ஆர்த்தோ டாக்டர பாத்துட்டு வந்தோம். அம்மாவோட வலது இடுப்பு மூட்டுல பந்து மாதிரி இருக்கிற எலும்பு நசுங்கிடுச்சு, எக்ஸ்ரேலயே நல்லா தெரியுது, மூட்டு மாத்துற ஆபரேஷன்தான்னு சொல்லிட்டார். வாதத்துக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்ட்டாங்கல்ல, அதுல பந்துக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சு இப்படி ஆகுமாம். இடது பக்கம் எக்ஸ்ரேல சுத்தமா இருக்கு ஆனா அங்கயும் தொடை இடுக்குல சுருக்குனு பிடிக்குதுன்னு அம்மா சொன்னதும் அவர் முகம் மாறிடுச்சு. ஆரம்பத்துல இது எக்ஸ்ரேல தெரியாது, ரெண்டு பக்கமும் சேத்து எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன் தேதின்னார்.

மார்ச் 5, புதன்

ஸ்கேன் சென்டர்ல வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. பேஸ்மேக்கர் இருக்கா, காப்பர் டி இருக்கா, உடம்புல ப்ளேட் ஸ்க்ரூ ஏதாச்சும் இருக்கான்னு வரிசையா கேட்டாங்க, எல்லாத்துக்கும் இல்ல. ஊசி மருந்து போடாததால சாப்ட்டே வரலாமாம். நகை மட்டும் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அம்மா உடனே "வெள்ளிக்கிழமையும் அதுவுமா தாலிய கழட்ட மாட்டேன்டி"ன்னுட்டாங்க. நான் வாதாடல, சனிக்கிழமைக்கு மாத்திட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்னிக்கு ப்ராக்டீஸ். அரை மணி நேரத்துக்கு மேல ஆடாம படுக்கணும், ஆடினா படம் கலங்கி திரும்ப எடுக்க வேண்டியதாகும். மல்லாக்க படுத்தாலே அம்மாவுக்கு இடுப்பு கடுக்குது. முழங்காலுக்கு அடியில தலகாணி வச்சதும் இருபது நிமிஷம் தாங்கினாங்க. போன்ல அந்த மெஷின் சத்தத்த போட்டு காட்டினேன், தடதடன்னு அவ்ளோ சத்தம், முன்னாடியே கேட்டது நல்லதாப் போச்சு.

மார்ச் 8, சனி

காலைல மஞ்சள் கயித்துல மஞ்சக்கிழங்கு கோத்து அப்பா கட்டி விட்டார், அப்புறம்தான் அம்மா தாலிச் சங்கிலிய கழட்டினாங்க, அதுல மட்டும் ஆறு ஊக்கு! மெட்டி வரவே இல்ல, விரல் வீங்கியிருக்கு, சோப்பு போட்டு திருகித் திருகி எடுத்தேன், அம்மா கண்ண மூடிக்கிட்டாங்க. ஸ்கேன் எடுக்காதப்பவும் மெஷின்ல இருக்கிற காந்தம் ஆன்லதான் இருக்கும், இரும்ப இழுத்துடும்னு சொல்லி சென்டரோட வீல்சேர்ல மாத்திதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கால் முதல்ல உள்ள போச்சு. காதுல பஞ்சு, கையில, ஏதாச்சும்னா அமுக்கி கூப்பிடுற ரப்பர் பல்ப். அம்மா அத ஒரு தடவகூட அமுக்கல.

மார்ச் 10, திங்கள்

இடது பக்கமும் ஆரம்பிச்சிருக்கு. ஆனா பந்து இன்னும் நசுங்கல, அதனால அங்க எலும்புல துளை போட்டு உள்ள இருக்கிற அழுத்தத்த கொறைச்சு காப்பாத்தப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னார். அந்த ஸ்கேன் எடுக்காம வலது பக்கத்த மட்டும் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மெட்டிய கேட்டாங்க. ஆபரேஷனுக்கு திரும்ப கழட்டணுமேன்னேன். "அது வரைக்கும் இருக்கட்டும்"னாங்க. குனிய முடியாதே அவங்களால, நாந்தான் போட்டு விட்டேன்.