பிரித்துப் பார்க்க விட்ட விளையாட்டு

மதுரையில் கட்டுமானக்காரர்களுக்கு 3டி காட்சி செய்துகொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இனிமேல்தான் கட்டப்போகும் வீட்டை முதலில் கம்ப்யூட்டரில் கட்டுவோம். வாங்குகிறவர் அதற்குள் நடந்து பார்த்துவிட்டு, ஜன்னலைத் தள்ளு, கதவைத் திருப்பு என்று சொல்லலாம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் "அண்ணே, இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்பார்கள். நான் படித்தது பி.காம். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது பேட்டில்ஃபீல்ட் 2 என்ற ராணுவ விளையாட்டும், அதற்கு மாட் செய்துகொண்டிருந்தவர்களும்தான்.

மாட் என்றால், வந்த விளையாட்டை ரசிகர்களே உள்ளே புகுந்து மாற்றிச் செய்யும் வடிவம். கவுண்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கி விளையாட்டே அப்படி வந்ததுதான். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் 1999-ல் ஹாஃப் லைஃப் விளையாட்டுக்கு மாட்டாகச் செய்தார்கள். ஹாஃப் லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அவர்களையும் சேர்த்துக்கொண்டு 2000-ல் அதைத் தனி விளையாட்டாகக் கடைக்குக் கொண்டுவந்தது. கல்லூரி முடித்த கையோடு சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்திருந்தேன். பகலில் பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட், பயோடேட்டா பிரிண்ட். இருட்டியதும் கல்லூரிப் பையன்கள் வந்து கவுண்டர் ஸ்டிரைக் 1.6 ஆட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் ஆடிக்கொண்டிருந்ததே யாரோ வீட்டில் உட்கார்ந்து பிரித்து மேய்ந்த விளையாட்டு என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பேட்டில்ஃபீல்ட் 2, ஸ்வீடனின் டைஸ் நிறுவனம் செய்து 2005-ல் வெளிவந்தது. ஒரே மேப்பில், அதாவது ஒரே ஆட்டக்களத்தில், 64 பேர், டேங்க், ஹெலிகாப்டர், அணித்தலைவன், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கமாண்டர். எங்கள் சென்டரில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்த ஒரே மிஷினில்தான் அது ஓடியது. ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் அது கிடந்த ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே 'மாட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் சாதாரண ஜிப் ஃபைல்கள், பூட்டு எதுவும் கிடையாது. ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ஃபோல்டர், அதில் நோட்பேடிலேயே திறக்கக்கூடிய ஒரு ஃபைல். வரிவரியாகப் படித்துக்கொண்டே போனால் 'மேக்சைஸ் 30' என்று ஒரு வரி. முப்பது குண்டு. பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு, சேமித்து, விளையாட்டைத் திறந்தேன். துப்பாக்கி நிற்காமல் சுட்டுக்கொண்டே இருந்தது. முனிச்சாலைப் பட்டறையில் முதல்முறை இன்ஜினைப் பிரித்துப்போட்ட பையனுக்கு என்ன தோன்றியிருக்குமோ அதுதான் எனக்கும் தோன்றியது. இதையும் மனிதர்கள்தான் செய்திருக்கிறார்கள், நாமும் செய்யலாம்.

அப்புறம் நான் போய்ச் சேர்ந்த இடம் பிராஜெக்ட் ரியாலிட்டி. பேட்டில்ஃபீல்ட் 2 வந்த அதே வருடம் தொடங்கிய மாட் அது. மூல விளையாட்டில் செத்தால் சில நொடிகளில் எழுந்து மறுபடி ஓடலாம். இதில் ஒரு உயிருக்கு விலை உண்டு. 2 கிலோமீட்டர், 4 கிலோமீட்டர் சதுரத்துக்கு மேப்புகள். அவசரப்பட்டு ஓடினால் யார் சுட்டார் என்று தெரியாமலே விழவேண்டியதுதான். பேசாமல் ஆட முடியாது, கூட்டணி இல்லாமல் நகர முடியாது. "துப்பாக்கிச் சண்டையைப் போய் இத்தனை வருஷமாப் பாக்குறியேடா" என்று அம்மா வருத்தப்பட்டபோது, இதில் பாதி நேரம் படுத்துக் காத்துக்கிடப்பதுதான் என்று சொன்னேன். உண்மையிலேயே அப்படித்தான். காயம்பட்டவனை மருத்துவச் சிப்பாய் இழுத்துக்கொண்டு வரும்வரை மற்றவர்கள் புகைக்குண்டு போட்டுக் காவல் நிற்பார்கள். நான் ஆங்கிலம் பேசப் பழகியது அந்தக் குரல்வழிப் பேச்சில்தான். ஐரோப்பிய சர்வர்களில் மதுரையிலிருந்து பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 200 மில்லிவினாடிக்கு மேல் இருக்கும். சுடுவதில் நான் எப்போதும் பிந்திவிடுவேன். அதனால்தான் மேப் செய்யும் பக்கம் என் கவனம் போனது.

டைஸ் மேப் செய்யும் கருவியான தன் எடிட்டரையே வெளியில் கொடுத்திருந்தது. நிலத்தின் மேடுபள்ளம் அதில் ஒரு சாம்பல் நிறப் படம்தான். வெள்ளை கூடக் கூட மேடு, கறுப்பு கூடக் கூடப் பள்ளம். அந்தப் படத்தில் என்னென்னவோ வரைந்து பார்த்துவிட்டு, சரி, தெரிந்த நிலத்தையே வரைவோம் என்று முடிவுசெய்தேன். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போய்ப் பாறையைப் படமெடுப்பேன். வெயில் அடித்தால் நிழல் படத்திலேயே தங்கிவிடும். மேப்பில் சூரியன் வேறு திசையில் இருந்தால் பாறை பொய்யாகத் தெரியும். யானைமலை போல ஒரே கல்லாக எழுந்து நிற்கும் குன்று, அடிவாரத்தில் வயல், நடுவில் ஒரு கண்மாய், கரைமேல் பனைமரங்கள், தண்ணீர் வற்றிய உள்வாயில் சீமைக்கருவேலம். சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாட்காரர்களின் நல்ல பழக்கம், பாதி வேலையிலேயே காட்டச் சொல்வார்கள். அழகு பார்க்க மாட்டார்கள், ஆடிப் பார்ப்பார்கள். என் மேப்பில் ஒரு மாலை ஆடிவிட்டு ஒருவர் சொன்னது: கரை ரொம்ப நீளம், யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி, இந்தப்பக்கம் இருப்பவனுக்கு வழியே இல்லை. கரையை உடைத்துவிடு என்றார் இன்னொருவர். கண்மாய்க் கரையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மேலூர் ரோட்டில் போய் ஒரு கண்மாய்க் கரையில் முழுக்க நடந்தேன். உள்பக்கம் அலையைத் தாங்கக் கல் பாவியிருந்தது. கோடியில் கலுங்கு, மிச்சத் தண்ணீர் வழிந்துபோகக் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டியது. நடுவில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை. மாட்டுக்காரர்கள் கரையைக் குறுக்கே ஏறி இறங்கிப் போட்ட தடம். ஊர்க்காரர்கள் தண்ணீருக்கும் மாட்டுக்கும் என்று விட்ட வழிகள் எல்லாம் எனக்கு ஆள் போகும் வழிகளாகத் தெரிந்தன. கலுங்கில் குனிந்து போனால் மறைவு. மடைக்கு மேலிருந்த கல் திட்டில் ஒருவன் படுக்கலாம், ஆனால் மாட்டுத்தடத்திலிருந்து அவனைப் பார்க்க முடியும். திரும்பிவந்து அப்படியே வைத்தேன். அடுத்த ஆட்டத்தில் கரை மூன்று முறை கைமாறியது.

அதிலிருந்து எந்த இடத்தைப் பார்த்தாலும், இங்கே நின்றால் என்ன தெரியும், அங்கிருந்து பார்த்தால் நான் தெரிவேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். இப்போதைய வேலையில் இது எவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு குடும்பம் வீட்டு மாதிரியைப் பார்க்க வந்திருந்தது. மகன் டைல்ஸ் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா திரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, வாசல்ல நின்னா அடுப்படி வரைக்கும் தெரியுதே?" என்றார். வரைபடம் போட்டவர், சரிபார்த்தவர், பணம் கட்டியவர் ஒருவரும் கேட்காத கேள்வி. வாசலில் ஆள் உயரத்தில் கேமராவை நிறுத்தி, ஒரு சுவரை இரண்டடி நகர்த்திக் காட்டினேன். "இப்பத் தெரியல" என்றார் அம்மா. எங்கள் அலுவலகத்தில் எந்த வீட்டையும் வெளியே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாசலிலும் ஆள் உயரத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பதை நான்தான் வழக்கமாக்கினேன்.

கையில் தங்கிய தொழில்நுட்பமும் அங்கிருந்து வந்ததே. 3டி மாடல் எல்லாமே சிறு சிறு முக்கோணங்களால் ஆனது. பேட்டில்ஃபீல்ட் 2 காலத்து மிஷினில் ஒரு காட்சி ஓடவேண்டும் என்றால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கணக்கு உண்டு. பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு ஒரு மாடல், தள்ளி நின்றால் அதைவிட எளிய மாடல், இன்னும் தூரத்துக்கு மரத்தின் படம் ஒட்டிய வெறும் அட்டை. நிழலும் வெளிச்சமும் ஆட்டத்தின்போது கணக்கிடப்படாமல் முன்பே சுட்டு வைக்கப்படும். அதற்கு லைட்மேப் என்று பெயர். அது மணிக்கணக்கில் ஓடும். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மொத்தமாகப் போட்டால் எப்போதும் பாதியில் நிற்கும். அதனால் மேப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, அடுத்த கரண்ட் கட்டுக்குள் எது முடியுமோ அதை மட்டும் போடுவேன். இன்றைக்கு வாடிக்கையாளரின் பழைய லேப்டாப்பில் மூன்று மாடி வீடு தடங்கலில்லாமல் ஓடுகிறது என்றால் அந்தப் பழக்கம்தான் காரணம்.

இன்னொன்று, அடுத்தவர் உழைப்பை மதிப்பது. ஒவ்வொரு மாட் கூடவும் ரீட்மீ என்று ஒரு ஃபைல் வரும். துப்பாக்கி மாடல் யார், சத்தம் யார், பனைமரம் யார் என்று பெயர் பெயராக இருக்கும். கேட்காமல் எடுத்த மாடல் என்று தெரிந்தால் அந்த மாட் பக்கம் யாரும் போகமாட்டார்கள். சம்பளமே இல்லாத இடத்தில் இவ்வளவு நேர்மை. ஊர் தெரிந்தவர் பேச்சுக்கும் மதிப்பு இருந்தது. 2009-ல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2 பெரிய நிறுவனத்தின் விளையாட்டு. அதன் கராச்சி மேப்பில் கடைப் பலகைகள் உருதுவில் இல்லாமல் அரபியில் இருந்தன. மாட் கூட்டத்தில் இப்படி ஒன்றைப் போட்டால் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் அன்று இரவே சொல்லிவிடுவார்.

பிராஜெக்ட் ரியாலிட்டி பிழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை ஆன்லைனில் இணைத்துவந்த கேம்ஸ்பை சேவை நின்று 2014-ல் பேட்டில்ஃபீல்ட் 2-வின் அதிகாரபூர்வ ஆன்லைன் ஆட்டம் முடிந்தது. மாட்காரர்கள் தங்கள் மாட் மூல விளையாட்டு இல்லாமலே தனியாக ஓடும்படி மாற்றி 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து செய்த ஸ்குவாட் என்ற விளையாட்டு, அதே வருடக் கடைசியில் முன்னோட்டமாக வந்து 2020-ல் முழுதாக வெளியானது. ஆனால் பேட்டில்ஃபீல்ட் 3 வந்தபோது எடிட்டர் வெளியே வரவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். என்னைப்போல எத்தனை ஊர்களில் எத்தனை பேர் நோட்பேடில் ஒரு பூஜ்யம் போட்டுத் தொழில் கற்றிருப்பார்கள்! அந்தக் கதவை அடைத்தது நல்ல முடிவு என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறகு பேட்டில்ஃபீல்ட் 2042 என்ற விளையாட்டில் போர்ட்டல் என்ற பெயரில் கொஞ்சம் திறந்தார்கள். ஜன்னல் திறந்தது, கதவு திறக்கவில்லை.

எங்களிடம் சேரும் பிள்ளைகள் போனில் பிஜிஎம்ஐ ஆடி வளர்ந்தவர்கள். பப்ஜி 2020-ல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தேதியோடு தெரியும். பப்ஜியின் வேர் ஒரு மாட் என்பது தெரியாது. ஆர்மா 2 என்ற ராணுவ விளையாட்டுக்கு டீன் ஹால் 2012-ல் டேஇசட் என்ற மாட் செய்தார். அதன்மேல் பிரெண்டன் கிரீன் செய்த பேட்டில் ராயல் மாட்தான் பின்னால் பப்ஜி ஆனது. இதைச் சொல்லும்போது "நெஜமாவாண்ணே?" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள்.

ஆர்மா செய்யும் செக் நாட்டு பொஹீமியா நிறுவனம் கருவிகளை இன்னமும் வெளியே கொடுக்கிறது. 2022-ல் வந்த ஆர்மா ரீஃபோர்ஜரின் எடிட்டரை அலுவலக மிஷினில் போட்டிருக்கிறேன். புதியவர்களுக்கு முதல் வாரம் வீட்டு வேலை எதுவும் கொடுப்பதில்லை. ஒரு வண்டியையோ மரத்தையோ திறந்து, எத்தனை மாடல் இருக்கிறது, எந்தத் தூரத்தில் எது மாறுகிறது என்று பார்த்து எழுதச் சொல்வேன். முதலாளி முதலில் தயங்கினார், இப்போது அவரே "எடிட்டர்ல உக்காரவச்சாச்சா?" என்று கேட்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனும் திருமங்கலத்துப் பெண் ஒருத்தியும் வேலை முடிந்தபிறகு அதில் ஒரு மேப் செய்கிறார்கள். கண்மாய் நான் சொல்லாமலே வந்துவிட்டது. பனைமரத்தில்தான் இழுபறி. தூரத்து மாடலில் ஓலை மொட்டையாகத் தெரிகிறது என்று அவள் சொல்கிறாள். இன்னும் முக்கோணம் கூட்டினால் தோப்புப் பக்கம் படம் திக்கும் என்கிறான் அவன். வரும் சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து ஆடிப் பார்க்கப்போகிறோம்.